செவ்வாயின் பாறை உருவங்களும் புதைபடிவ உயிர் பற்றிய கூற்றுகளும்

செவ்வாய்க் கோளின் பாறைகளில் மனித முகம், தொடை எலும்பு, பவளம், காளான் போன்ற உருவங்கள் தெரிவதாகவும், அவற்றுள் சில அங்கு ஒரு காலத்தில் வாழ்ந்த உயிர்களின் புதைபடிவங்கள் (தொல்லுயிர் எச்சங்கள்) என்றும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகக் கூறப்பட்டு வருகிறது. இக்கூற்றுகளில் இரு வகை உண்டு. விண்கலம் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பொதுமக்கள் சொல்பவை ஒரு வகை. ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் உழைத்து அறிவியலாளர்கள் ஆய்விதழ்களில் வெளியிட்டவை மற்றொரு வகை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் அன்று. எனினும் முதல் வகை வழுக்கி விழுந்த அதே இடத்தில்தான் இரண்டாம் வகையும் பலமுறை வழுக்கியது. உருவ ஒற்றுமையைச் சான்றாக நம்பியதே அந்த இடம்.

உருவம் ஏன் போதாது

பூமியில் புதைபடிவங்களை உருவத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறோமே, செவ்வாயில் மட்டும் ஏன் கூடாது என்ற கேள்வி மாணவர்களுக்கு எழுவது இயல்பு. பூமியில் ஓர் அம்மோனைட் கிடைத்தால் அது தனியாக வருவதில்லை. அதே அடுக்கில் சிறியதும் பெரியதுமாக நூற்றுக்கணக்கில் கிடைக்கும். குட்டியிலிருந்து முதிர்ந்தது வரை வளர்ச்சியின் படிகளைப் பார்க்கலாம். ஓட்டை வெட்டினால் உள்ளே அறைகள் ஒழுங்காக அமைந்திருக்கும். கணவாய், நாட்டிலசு போன்ற இன்றைய உறவினர்களோடு ஒப்பிடலாம். அந்தப் பாறை கடலடியில் படிந்ததுதான் என்பதற்குத் தனிச் சான்றும் இருக்கும். இத்தனையும் சேர்ந்த பிறகே உருவம் பேசுகிறது.

செவ்வாயில் இவற்றில் ஒன்றுகூடக் கையில் இல்லை. மேலும் அங்கு ஆறுகளும் ஏரிகளும் இருந்த காலம் பெரும்பாலும் 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அக்காலத்தில் பூமியிலேயே நுண்ணுயிர்கள்தாம் இருந்தன. எலும்புடைய விலங்குகள் பூமியில் தோன்றியது ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்குள்தான். ஆகவே செவ்வாய்ப் படத்தில் எலும்பைத் தேடுவது தொடக்கத்திலேயே பிழையான தேடல். உயிர் இருந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத உருண்டையாகவோ, கோலாகவோ, இழையாகவோ இருந்திருக்கும். சிக்கல் இங்குதான் முற்றுகிறது. உருண்டை, கோல், இழை ஆகிய மூன்றும் உயிரின் துணையே இல்லாமல் கனிமங்கள் எளிதில் எடுக்கும் வடிவங்கள்.

கால்வாய்களும் கிரீனிச் மாணவர்களும்

கண் எப்படி ஏமாறும் என்பதைச் செவ்வாய் ஆராய்ச்சி பாறைப் படங்களுக்கு வெகுகாலம் முன்பே ஒருமுறை அனுபவித்துவிட்டது. 1877இல் செவ்வாய் பூமியை நெருங்கி வந்தபோது, மிலான் நகரின் பிரேரா வான்காணகத்தில் பணியாற்றிய ஜொவான்னி ஸ்கியாபரெல்லி அக்கோளின் மீது மெல்லிய கோடுகளைக் கண்டு வரைந்தார். அவற்றைக் குறிக்க அவர் பயன்படுத்திய இத்தாலியச் சொல் இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும், வெட்டிய வாய்க்காலையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது இரண்டாம் பொருளே நிலைத்தது. வெட்டிய கால்வாய் என்றால் வெட்டியவர் யார் என்ற கேள்வி தானே வந்துவிடும். அமெரிக்காவின் பெர்சிவல் லோவெல் 1894இல் அரிசோனா மாநிலத்தின் பிளாக்ஸ்டாப் நகரில் சொந்தச் செலவில் வான்காணகம் அமைத்து, நூற்றுக்கணக்கான கோடுகளை வரைந்தார். வறண்டுவரும் கோளில் துருவப் பனியின் நீரைக் கொண்டுசெல்ல அறிவுள்ள உயிர்கள் வெட்டியவை அவை என்று நூல்கள் எழுதினார்.

கிரீனிச் வான்காணகத்தைச் சேர்ந்த வால்டர் மாண்டர் இதைச் சோதிக்க எடுத்துக்கொண்ட வழி மிக எளியது. அருகிலிருந்த ராயல் ஹாஸ்பிட்டல் பள்ளியின் மாணவர்களை வகுப்பறையில் அமர்த்தி, முன்னே ஒரு வட்டப் படத்தை மாட்டினார். அதில் செவ்வாயின் கரும்பகுதிகளும் சில புள்ளிகளும் ஒழுங்கற்ற தீற்றல்களும் இருந்தன. கால்வாய்கள் இல்லை. தெரிவதை வரையுமாறு மாணவர்களிடம் சொல்லப்பட்டது. முன்வரிசையினர் உள்ளதை உள்ளபடி வரைந்தனர். நெடுந்தொலைவில் இருந்தவர்களுக்கு விவரம் தெரியவில்லை. இடைப்பட்ட தொலைவில் இருந்தவர்களில் பலர், படத்தில் இல்லாத நேர்கோடுகளை வரைந்தனர். பார்வையின் எல்லையில் நிற்கும் புள்ளிகளை மூளை கோடாகச் சேர்த்துவிடுகிறது என்பதே மாண்டர் கண்ட விளக்கம். முடிவு 1903இல் வெளியானது. லோவெல் இதைச் ‘சிறுவர் கொள்கை’ என்று கேலி செய்தார். சிறுவர்கள் வென்றார்கள். 1909இல் பாரிசுக்கு அருகே மூதோன் வான்காணகத்தின் 83 செ.மீ. தொலைநோக்கியால் பார்த்த யூஜின் அந்தோனியாடி, கோடுகள் இருந்த இடத்தில் சிதறிய திட்டுகளையே கண்டார். 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய அண்மைப் படங்களில் பள்ளங்கள் இருந்தன. கால்வாய்கள் இல்லை.

வகுப்பறையில் இன்றும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. ஒரு படத்தின் தெளிவு எந்த அளவில் முடிகிறதோ, அந்த விளிம்பில்தான் கண் கதை கட்டத் தொடங்குகிறது. இக்கட்டுரையில் பின்னர் வரும் பல நிகழ்வுகளுக்கு இதுவே திறவுகோல்.

விண்கற்களில் முதல் தேடல்

விண்வெளியிலிருந்து வந்த கல்லில் புதைபடிவம் கண்டதாகக் கூறியவர்களில் முந்தியவர் ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய வழக்கறிஞர். விண்கற்களை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, கடற்பஞ்சுகளும் பவளங்களும் தெரிவதாக 1880இல் படங்களுடன் ஒரு நூலே வெளியிட்டார். அவர் கண்டவை உருகிய துளிகள் குளிர்ந்து உண்டான கனிம உருண்டைகள் மட்டுமே.

1864 மே 14 அன்று பிரான்சின் ஓர்கேய் ஊரருகே விழுந்த விண்கல்லின் கதை இன்னும் விந்தையானது. 1961இல் அதன் துணுக்குகளில் உயிரணு போன்ற ‘ஒழுங்கமைந்த உறுப்புகள்’ இருப்பதாக ஜார்ஜ் கிளாஸ், பார்த்தோலோமியு நாகி இருவரும் அறிவித்தனர். மறு ஆய்வில் அவற்றில் சில பூமியின் மகரந்தம் என்றும் சில சாம்பல் துகள் என்றும் தெரிந்தது. ஆய்வு நடந்த காலத்திலேயே அதே விண்கல்லின் மற்றொரு துண்டில் தாவர விதைகள் தென்பட்டன. பரபரப்பு அடங்குவதற்குள் உண்மை வெளிவந்தது. கல் விழுந்த சில காலத்திலேயே யாரோ ஒருவர் விதைகளையும் நிலக்கரித் துண்டுகளையும் பசை வைத்து அதில் ஒட்டியிருக்கிறார். கண்ணாடிக் கலனில் அடைபட்டு நூறாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த குறும்பு அது.

சிடோனியாவின் முகம்

1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 சுற்றுக்கலன், அடுத்து வரவிருந்த வைக்கிங் 2 இறங்குவதற்கு ஏற்ற இடம் தேடிச் செவ்வாயின் வடபகுதியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. சிடோனியா என்னும் பகுதியின் படத்தில் ஒன்றரை கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு குன்று, வானத்தை நோக்கிப் படுத்திருக்கும் மனித முகம் போலத் தெரிந்தது. நாசாவே இப்படத்தை வெளியிட்டது. நிழல்கள் கண், மூக்கு, வாய் போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றன என்று படக்குறிப்பிலேயே எழுதியிருந்தது. மக்களின் ஆர்வத்தைத் தூண்டத்தான் வெளியிட்டார்கள். தூண்டுதல் எதிர்பார்த்ததை விடப் பன்மடங்கு பலித்துவிட்டது.

அந்தப் படத்தில் ஒரு படப்புள்ளி தரையில் ஏறத்தாழ 50 மீட்டருக்குச் சமம். முகம் முழுவதும் சில பத்துப் புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். சூரியன் அடிவானத்தை ஒட்டி இருந்ததால் முகத்தின் பாதி நிழலில் மறைந்திருந்தது. மறைந்த பாதியைப் பார்ப்பவரின் மூளையே நிரப்பிக்கொண்டது. செய்தி அனுப்புகையில் விடுபட்ட தரவுகள் கரும்புள்ளிகளாகப் படத்தில் சிதறியிருந்தன. அவற்றுள் ஒன்று மூக்குத் துளை இருக்க வேண்டிய இடத்தில் சரியாக விழுந்திருந்தது! தெளிவற்ற தோற்றங்களில் முகத்தைக் காணும் இந்த இயல்பு ‘பரைடோலியா’ எனப்படுகிறது. மேகத்தில் யானையைக் காண்பதும் இதுதான். பிறந்த சில நாளில் தாய் முகத்தை அடையாளம் காணும் மூளை, இல்லாத இடத்திலும் முகத்தைத் தேடுவதில் வியப்பில்லை.

பின்னாளில் அருகிலுள்ள குன்றுகள் பிரமிடுகள் என்றும், மொத்தமும் ஒரு நகரின் இடிபாடு என்றும் கதை வளர்ந்தது. ரிச்சர்ட் ஹோக்லண்ட் 1987இல் இது பற்றி எழுதிய நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. நாசா உண்மையை மறைக்கிறது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. 1998 ஏப்ரலில் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தின் கேமரா அவ்விடத்தை வைக்கிங்கை விடப் பத்து மடங்குக்கு மேல் தெளிவாகப் படம் பிடித்தது. சாதாரணக் குன்று தெரிந்தது. மேகமூட்டத்தில் எடுத்த படம் என்று நம்பிக்கையாளர்கள் ஏற்க மறுத்தனர். 2001 ஏப்ரல் 8 அன்று தெளிந்த வானில் மறுபடியும் எடுக்கப்பட்டது. இம்முறை ஒரு படப்புள்ளி 1.56 மீட்டர். சுற்றுப்புறம் அரிக்கப்பட்டுத் தனித்து நிற்கும் மேசைக்குன்று அது என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயிர் செய்த உருவம் என்றால், படத்தின் தெளிவு கூடக் கூட அதன் விவரங்களும் கூடியிருக்க வேண்டும். சிடோனியாவில் தெளிவு கூடியபோது முகம் கரைந்துபோனது.

அண்டார்ட்டிக்காவில் கிடைத்த உருளைக்கிழங்கு

செவ்வாயின் புதைபடிவ உயிர் பற்றிய மிகத் தீவிரமான கூற்று படத்திலிருந்து எழவில்லை. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு கல்லிலிருந்து எழுந்தது. 1984 டிசம்பர் 27 அன்று அண்டார்ட்டிக்காவின் ஆலன் குன்றுப் பகுதியில், பனிப்பரப்பில் கிடந்த 1.9 கிலோ எடையுள்ள கல்லை ராபர்ட்டா ஸ்கோர் கண்டெடுத்தார். பெரிய உருளைக்கிழங்கு அளவு இருக்கும். இடத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து ஏ.எல்.எச். 84001 என்று எண்ணிட்டு ஹூஸ்டன் ஆய்வுக்கூடத்தில் வைத்தனர். சிறுகோளிலிருந்து வந்த சாதாரண வகை என்று தவறாகப் பதிவு செய்யப்பட்டதால் சுமார் ஒன்பது ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1993இல் டேவிட் மிட்டில்பெல்ட் வேறொரு வேலைக்காக அதன் கனிமங்களை ஆராய்ந்தபோதுதான் அது செவ்வாய்க் கல் என்று புலப்பட்டது.

செவ்வாயின் கல் என்று எப்படிச் சொல்ல முடியும்? வைக்கிங் கலன்கள் செவ்வாயின் காற்றை அளந்திருந்தன. இன்னொரு அண்டார்ட்டிக்க விண்கல்லின் கண்ணாடித் துளிகளில் சிறைப்பட்டிருந்த வாயு, அந்த அளவீட்டோடு அப்படியே பொருந்தியது. அக்கல்லின் உறவினர்களை ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு இனம் காணலாம். இவ்வகையில் 84001 செவ்வாயிலிருந்து வந்தது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இல்லை. அது உறைந்து பாறையானது ஏறத்தாழ 410 கோடி ஆண்டுகளுக்கு முன். 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் மீது ஏதோ மோதிய வேகத்தில் விண்வெளிக்குத் தெறித்து, 13,000 ஆண்டுகளுக்கு முன் அண்டார்ட்டிக்காவில் விழுந்தது.

நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தைச் சேர்ந்த டேவிட் மெக்கே நிலவுக்குப் போன வீரர்களுக்குப் புவியியல் கற்பித்தவர்களில் ஒருவர். அவரும் எவரெட் கிப்சன், கேத்தி தாமஸ்-கெப்ர்ட்டா, ஸ்டான்பர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸேர் உள்ளிட்டோரும் இக்கல்லை ஆராய்ந்து நான்கு அடையாளங்களை முன்வைத்தனர். விரிசல்களில் நீரால் படிந்த கார்பனேட் உருண்டைகள் இருந்தன. அவற்றையொட்டிக் கரிமச் சேர்மங்கள் இருந்தன. சில பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் திசைகாட்டி போல உருவாக்கிக்கொள்ளும் மேக்னடைட் படிகங்களை ஒத்த நுண்படிகங்கள் இருந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணி கண்ணியாகப் புழு போன்ற உருவங்களும் தெரிந்தன. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் தர முடியும், ஆனால் இவ்வளவும் ஒரே இடத்தில் அருகருகே இருப்பதால் பழங்காலச் செவ்வாயின் எளிய உயிருக்கு இவை சான்று என்பதே அவர்கள் வாதம். அவர்கள் சொன்னது இவ்வளவுதான். செய்தித்தாள்களில் வந்தது இதைவிட மிகப் பெரிது.

‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை 1996 ஆகஸ்டு 16இல் வரவிருந்தது. செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டதால் ஆகஸ்டு 7 அன்றே செய்தியாளர் கூட்டம் நடத்த நேர்ந்தது. அதே நாளில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்று அதைப் பற்றிப் பேசினார். பாராட்டத்தக்க ஒன்றை நாசா அன்று செய்தது. பூமியின் மிகப் பழைய நுண்புதைபடிவங்களில் வல்லுநராகக் கருதப்பட்ட வில்லியம் ஷாப்ப் என்பவரை அதே மேடையில் அமர்த்தி, மறுப்புரையைச் சொல்ல வைத்தது. இவ்வளவு பெரிய கூற்றுக்கு இந்தச் சான்று போதாது என்று அவர் சொன்னார்.

பிறகு சான்றுகள் ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கப்பட்டன. புழு போன்ற உருவங்கள்தாம் முதலில் வீழ்ந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பதற்கு முன் மாதிரியின் மீது மிக மெல்லிய உலோகப் பூச்சு கொடுப்பது வழக்கம். பல உருவங்கள் படிக அடுக்குகளின் விளிம்புகளே என்றும், கண்ணிகளாகத் தெரிந்தது அந்தப் பூச்சின் விளைவு என்றும் ஜான் பிராட்லி குழுவினர் 1997இல் காட்டினர். பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடே பார்த்த பொருளின் ஒரு பகுதியாகிவிட்டது. அளவும் இடித்தது. அவ்வுருவங்கள் பல 100 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மரபுப் பொருள், அதைப் படித்துப் புரதம் செய்யும் உறுப்புகள், இவற்றைச் சூழும் உறை ஆகியவற்றை வைக்கவே ஓர் உயிரணுவுக்கு ஏறத்தாழ 200 நானோமீட்டர் விட்டம் தேவை என்று 1999இல் வெளியான வல்லுநர் அறிக்கை கணக்கிட்டது.

கரிமச் சேர்மங்களில் பெரும்பகுதி அண்டார்ட்டிக்காவில் ஒட்டிக்கொண்டது என்பதைக் கதிரியக்கக் கார்பன் காட்டியது. மேக்னடைட் வாதம்தான் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. இரும்புக் கார்பனேட்டைச் சூடாக்கினாலே அத்தகைய படிகங்கள் கிடைக்கும் என்று 2001இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டப்பட்ட பிறகும், தாமஸ்-கெப்ர்ட்டா குழு விடாமல் எதிர்வாதம் வைத்தது. 2022இல் ஆண்ட்ரூ ஸ்டீல் தலைமையிலான குழு, இக்கல்லிலுள்ள செவ்வாய்க்குரிய கரிமப்பொருள் நீருக்கும் பாறைக்கும் இடையே நடந்த வேதிவினைகளால் உயிரின்றியே உண்டானது என்று முடிவு கூறியது. மெக்கே 2013இல் மறையும்வரை தம் கருத்தைக் கைவிடவில்லை.

மெக்கேயின் கூற்று தோற்றது என்று ஒரு வரியில் முடித்துவிடுவது அவருக்குச் செய்யும் நீதி ஆகாது. வைக்கிங்குக்குப் பின் இருபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்த செவ்வாய் உயிர் ஆராய்ச்சி அக்கட்டுரையால் விழித்தது. நாசாவின் உயிர்வானியல் நிறுவனம் 1998இல் தொடங்கப்பட்டது. மிகச்சிறிய உயிரணு எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்ற கேள்வியை முறையாகக் கேட்டதே இந்தச் சர்ச்சையால்தான்.

மறுத்தவருக்கு நேர்ந்தது

1996 மேடையில் மறுப்புரைத்த ஷாப்ப், அதற்கு மூன்றாண்டுகள் முன்பு மேற்கு ஆஸ்திரேலியாவின் அபெக்ஸ் பாறையில் ஏறத்தாழ 346 கோடி ஆண்டுப் பழமையான நுண்ணுயிர் இழைகளைக் கண்டதாக அறிவித்திருந்தார். பாடநூல்களிலும் அவை பூமியின் மிகப் பழைய புதைபடிவங்களாக இடம் பெற்றன. 2002இல் ஆக்ஸ்பர்டின் மார்ட்டின் பிரேசியர் அதே மாதிரிகளை மறுபடி பார்த்து, அவை வெந்நீர் ஊற்றின் பாதையில் கனிமப் படிகங்களைச் சுற்றி ஒதுங்கிய கரிப்பொருள் என்றார். அந்த விவாதம் பல ஆண்டுகள் நீண்டது.

கிரீன்லாந்தில் 370 கோடி ஆண்டுப் பாறையில் நுண்ணுயிர்ப் படலங்கள் கட்டிய கூம்புகள் (ஸ்ட்ரோமட்டோலைட்டுகள்) இருப்பதாக 2016இல் ஆலன் நட்மன் குழு வெளியிட்டது. அபிகெய்ல் ஆல்வுட் அங்கு நேரில் சென்று, பாறையை ஒரு பக்கம் மட்டும் பார்க்காமல் மற்றப் பக்கங்களையும் பார்த்தார். ஒரு முகத்தில் கூம்பாகத் தெரிந்தது, பக்கவாட்டில் நீண்ட மேடாக ஓடியது. பாறை மடிந்து நசுங்கியதால் வந்த வடிவம் என்று 2018இல் அவர் குழு எழுதியது. நட்மன் குழு அதை ஏற்கவில்லை. நேரில் நடந்து போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்கக்கூடிய பூமியின் பாறையிலேயே இந்த நிலை என்றால், கோடிக்கணக்கான கிலோமீட்டர் அப்பாலுள்ள பாறையின் ஒரு பக்கப் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியுமா?

ரோவர்கள் அனுப்பிய உருவங்கள்

2004 ஜனவரியில் மெரிடியானி சமவெளியில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ரோவர், பாறையெங்கும் சில மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டைகளைக் கண்டது. ‘புளூபெர்ரி’ என்ற செல்லப்பெயர் வந்தது. காளான்கள் என்று எழுதியவர்களும் உண்டு. கருவிகள் அவற்றை ஹேமடைட் என்னும் இரும்புக் கனிமம் என்று காட்டின. நிலத்தடி நீரில் கரைந்திருந்த இரும்பு ஒரு மையத்தைச் சுற்றிப் படிந்து படிந்து உருண்டையானது. செவ்வாயில் நீர் இருந்ததற்கு வலுவான சான்றுகளில் அதுவும் ஒன்று. அதே ரோவரின் முன்னால் 2014 ஜனவரியில் திடீரென்று ஒரு கல் தோன்றியது. 12 செவ்வாய் நாட்களுக்கு முன் எடுத்த படத்தில் அது அங்கு இல்லை. அது ஓர் உயிர் என்றும் நாசா அதைச் சரியாக ஆராயவில்லை என்றும் அமெரிக்காவில் வழக்கே தொடுக்கப்பட்டது. ரோவரின் சக்கரம் ஏறி உடைத்துத் தள்ளிய துண்டு அது. உடைந்த பாறையும் பக்கத்திலேயே கிடந்தது.

2014 ஆகஸ்டில் கியூரியாசிட்டி அனுப்பிய படத்தில் ‘தொடை எலும்பு’, 2022 மேயில் பாறைச் சுவரில் ‘கதவு’, 2025 ஜூலையில் ‘பவளம்’ என்று பட்டியல் நீள்கிறது. கதவின் உயரம் ஓரடிதான். பவளம் மட்டும் சற்று விளக்கத்துக்கு உரியது. பாறையின் விரிசல்களுக்குள் நீர் கொண்டுவந்த கனிமங்கள் படிந்து இறுகின. பிறகு நீர் வற்றியது. மணலைச் சுமந்த காற்று மென்மையான பாறையைத் தேய்த்து எடுக்க, இறுகிய நரம்புகள் கிளைகளாக மிஞ்சின. அதற்குக் காற்று எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்தால், உயிரில்லாப் பவளமும் வியப்புக்கு உரியதே.

இவற்றிலிருந்து முற்றிலும் வேறானவை இரண்டு ஆய்வுகள். நுண்ணுயிர்ப் படலங்கள் மணற்பரப்பில் விடும் சுருக்கங்களைப் பூமியில் பல்லாண்டு ஆராய்ந்த நோரா நாஃப்கே, கியூரியாசிட்டி எடுத்த யெல்லோநைஃப் விரிகுடாப் படங்களில் அதே போன்ற அமைப்புகள் இருப்பதாக ‘அஸ்ட்ரோபயாலஜி’ இதழில் எழுதினார். நிரூபணம் என்று சொல்லாமல் கருதுகோள் என்றே வைத்தார். அரிப்பாலும் இது நிகழலாம் என்று ரோவர் குழுவினர் கருதினர். அதற்குள் ரோவர் அவ்விடத்தை விட்டு வெகுதொலைவு போய்விட்டது. இரண்டாவது, ஸ்பிரிட் ரோவரைச் சார்ந்தது. பழுதாகி இழுபட்டுச் சென்ற அதன் சக்கரம் மண்ணைக் கிளறியதால் 2007இல் தற்செயலாக வெண்ணிறச் சிலிக்கா வெளிப்பட்டது. அருகிலிருந்த சிலிக்காக் கற்களில் விரல்கள் போன்ற நீட்சிகள் இருந்தன. சிலி நாட்டின் எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளில் நுண்ணுயிர்களின் துணையோடு உருவாகும் விரல்களை அவை ஒத்திருப்பதாக ஸ்டீவன் ரஃப், ஜாக் ஃபார்மர் இருவரும் 2016இல் எழுதினர். உயிர் என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. அவ்வினாவுக்கு இன்னும் விடை இல்லை.

சிறுத்தைப் புள்ளிகள்

2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் ரோவர், 45 கி.மீ. அகலமுள்ள ஜெசரோ பள்ளத்தில் இறங்கியது. பள்ளம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. ஆறு வந்து சேர்ந்த கழிமுகத்தின் தடம் இன்றும் தெரிகிறது. 2024 ஜூலையில், பழைய ஆற்றுப் பாதையான நெரெட்வா பள்ளத்தாக்கில், ஒரு மீட்டர் நீளமுள்ள செந்நிறச் சேற்றுக்கல் ஒன்று ரோவரின் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனிலுள்ள அருவியின் பெயரால் அதற்குச் சேயாவா அருவி என்று பெயரிட்டனர். கல் முழுவதும் மில்லிமீட்டர் அளவிலான வெளிறிய புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிக் கரிய விளிம்பு இருந்தது.

சிறுத்தைத் தோலைப் போன்ற இந்தத் தோற்றத்தோடு நின்றிருந்தால் இதுவும் முகம், பவளம் வரிசையில் சேர்ந்திருக்கும். இம்முறை உருவம் இடத்தைக் காட்டியதோடு சரி, வழக்கைப் பேசியது வேதியியல். கிரீன்லாந்துக் கூம்புகளை மறுத்த அதே ஆல்வுட்டின் தலைமையில் உருவான பிக்ஸல் என்னும் எக்ஸ் கதிர்க் கருவி, புள்ளிகளின் விளிம்பில் இரும்பும் பாஸ்பேட்டும் செறிந்திருப்பதைக் காட்டியது. ஷெர்லாக் என்னும் மற்றொரு கருவி அதே பாறைப் பகுதியில் கரிமப்பொருளின் அடையாளத்தைக் கண்டது. ஜோயல் ஹுரோவிட்ஸ் முதன்மை ஆசிரியராக 2025 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரை, அவ்விடத்தில் விவியனைட் என்னும் இரும்புப் பாஸ்பேட்டும் கிரைகைட் என்னும் இரும்பு சல்பைடும் இருப்பதாகத் தெரிகிறது என்கிறது. பூமியில், ஆக்சிஜன் எட்டாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கரிமப்பொருளைத் தின்று இரும்பையும் கந்தகத்தையும் வேதிமாற்றம் செய்கையில் மிஞ்சும் கனிமங்கள் இவை. உயிரின்றியும் இவை உண்டாகலாம். ஆனால் அதற்குப் பொதுவாக மிகுந்த வெப்பமோ அமிலச் சூழலோ வேண்டும். அந்தப் பாறை அப்படிச் சூடேறியதற்கு அறிகுறி இல்லை. தாழ்ந்த வெப்பத்தில் உயிரின்றி இவ்வினைகள் நடக்கும் வழி வேறு உண்டா என்பது ஆய்வுக்கூடங்களில் தேட வேண்டிய கேள்வி.

கட்டுரையாளர்கள் பயன்படுத்திய சொல் ‘உயிர்ச்சான்றாகக் கூடியது’ என்பதே. 1996இன் அனுபவம் அச்சொல்லில் ஒலிக்கிறது. இடைப்பட்ட காலத்தில், உயிர் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு எந்த அளவு உறுதியானது என்பதை ஏழு படிகளில் குறிக்கும் அளவுகோல் ஒன்றையும் நாசா அறிவியலாளர்கள் 2021இல் முன்வைத்திருந்தனர். அறிகுறி ஒன்று தென்படுவது முதற்படி. மாசு கலக்கவில்லை என்று உறுதி செய்வது, உயிரற்ற வழிகள் அனைத்தையும் விலக்குவது, தனித்த வேறு குழு வேறு முறையில் உறுதி செய்வது என்று படிகள் ஏறுகின்றன. அதே 2021இல் எடின்பரோவின் ஷான் மக்மஹோனும் ஆக்ஸ்பர்டின் ஜூலி காஸ்மிடிசும், உயிரைப் போல நடிக்கும் கனிம அமைப்புகளின் நீண்ட பட்டியலை வெளியிட்டனர். உப்புக் கரைசல்களை உரிய வகையில் கலந்தால் கிளைவிட்டு வளரும் ‘வேதித் தோட்டங்கள்’ அவற்றுள் ஒன்று. நுண்ணுயிர் இழைகளை நேரில் பார்த்துப் பழகியவரும் அவற்றைப் பார்த்து ஏமாறக்கூடும்.

சேயாவா அருவிப் பாறையிலிருந்து ரோவர் துளையிட்டு எடுத்த, விரல் தடிமனுள்ள கல்துண்டுக்கு ‘சஃபயர் கேன்யன்’ என்று பெயர். அளவுகோலின் மேற்படிகளில் ஏற வேண்டுமானால் அதைப் பூமிக்குக் கொண்டுவந்து, ஐசோடோப்பு விகிதங்களையும் கனிமங்களின் நுண்ணமைப்பையும் பெரிய ஆய்வுக்கூடங்களில் அளக்க வேண்டும். மாதிரிகளைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை செலவாகும், அவை வந்து சேர 2040 ஆகிவிடும் என்று 2024 ஏப்ரலில் நாசா அறிவித்து, மலிவான வழி தேடத் தொடங்கியது. துண்டு இப்போது உலோகக் குழாயில் அடைத்து முத்திரையிடப்பட்டு, ரோவரின் வயிற்றுக்குள் இருக்கிறது.